‘தூக்கிவிடுகிறோம்’ என்னும் கடையிடம் சாய்தளம் கேட்டுப் பெறுவது எப்படி?

தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் வாசலில் மூன்று படிகள் இருந்தன. சக்கர நாற்காலியில் வந்த என் தம்பியைக் கண்டதும் காவலாளி ஓடிவந்து, “அக்கா, நாங்க நாலு பேரு இருக்கோம், அப்படியே தூக்கி விட்டுடுறோம்” என்றார். அவருடைய நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்காலியின் எந்தப் பகுதியைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்பது நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் கழற்றி மாட்டும் வகையிலான கால்தாங்கியைப் பிடித்தார். இரண்டாவது படியில் அது அவர் கையோடு வந்துவிட, தம்பி முன்பக்கம் சரிந்தான். இன்னொருவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே போன பிறகு அவன் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. வீடு திரும்பும்போது, “அடுத்த தடவை நீயே போய் எடுத்துட்டு வந்துடு” என்று மட்டும் சொன்னான்.

சென்னையில் கடைக்குள் தடையின்றி நுழையும் உரிமையைக் கேட்கப் போகும் எவரும் முதலில் சந்திக்கும் சொல் ‘தூக்கிவிடுகிறோம்’ என்பதே. அதை மறுப்பவர் நன்றி கெட்டவராகத் தோன்றிவிடுவதால், பலர் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். நூறு கிலோவை நெருங்கும் மின்சாரச் சக்கர நாற்காலியை யாரும் தூக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, அன்னியர் கை படாமல் ஒரு கடைக்குள் நுழைவதும் வெளியேறுவதும் சட்டம் கொடுத்துள்ள உரிமை. அதைப் படிப்படியாகக் கேட்டுப் பெறும் வழியை, சில மனுக்களை எழுதியும் சில விசாரணைகளுக்கு உடன் சென்றும் நான் அறிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டிய சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்பதே அடிப்படை. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. “இது பிரைவேட் கடைங்க, கவர்ன்மென்ட் ஆபீஸ் இல்ல” என்று கடைக்காரர் சொல்லும்போது காட்ட வேண்டியது அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு. அரசுக் கட்டடமோ தனியார் கட்டடமோ, பொதுமக்கள் வந்து போவதாக இருந்தால் அது ‘பொதுக் கட்டடம்’ என்றே அப்பிரிவு வரையறுக்கிறது; வணிகம், மருத்துவம், கல்வி, வழிபாடு, பொழுதுபோக்கு ஆகிய அனைத்தும் அந்த வரையறைக்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. அதே பிரிவு, ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதையும் ‘பாகுபாடு’ என்கிறது. மூன்றாம் பிரிவு அந்தப் பாகுபாட்டைத் தடை செய்கிறது.

மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்குவதற்கான அளவுகளை, அதாவது அணுகல் தரங்களை, கடைப்பிடிக்காத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியோ, அப்படிக் கட்டி முடித்த கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது என்கிறது 44-ஆம் பிரிவு. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கு, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளை 45-ஆம் பிரிவு கெடுவாக வைத்தது. சேவை வழங்குவோருக்கு 46-ஆம் பிரிவு இரண்டு ஆண்டு கொடுத்தது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று வந்தன; ஆக, இரண்டு கெடுக்களும் முடிந்துவிட்டன. மீறுவோருக்கு முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு வழி செய்கிறது.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் வெறும் வழிகாட்டுதல்களாக விட்டிருந்த 15(1)-ஆம் விதி, தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சாதகமான தீர்ப்புதான் இது. ஆனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதையே பிடித்துக்கொண்டு, “கட்டாய விதியே இல்லாதபோது மீறல் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கக்கூடும். ஆகவே மனுவை மத்திய விதிகள் என்னும் ஒற்றைக் காலில் நிறுத்தக் கூடாது. பாகுபாட்டைத் தடை செய்யும் மூன்றாம் பிரிவையும், கட்டட அனுமதிக்கு இங்கே நேரடியாகப் பொருந்தும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ஐயும் சேர்த்தே எழுத வேண்டும். மனு கொடுக்கும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வதும் நல்லது.

அளந்து எழுதுதல்

நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் வலுவிழந்தது ஒரே காரணத்தால்தான்: “கடையில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இல்லை” என்ற ஒற்றை வரியோடு அவை நின்றுவிட்டன. எந்த வசதி, எந்த இடத்தில், எத்தனை அங்குலம் குறைகிறது என்று எழுதாத மனுவுக்கு, “வசதி இருக்கிறது” என்ற ஒற்றை வரியே பதிலாக வந்து சேரும்.

தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்றும், சாய்மானத்தைப் பாகையில் காட்டும் செயலி உள்ள கைப்பேசியும் போதும். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டுதல்களின்படி சாய்தளத்தின் சாய்மானம் 1:12-க்கு மேல் போகக் கூடாது. அதாவது ஓர் அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கைப்பேசியைச் சாய்தளத்தின் மேல் நீளவாக்கில் வைத்தால் ஏறத்தாழ 4.8 பாகைக்குள் காட்ட வேண்டும். மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடையின் முன்னால், “சாய்தளம் போட்டாச்சே, பாருங்க” என்று பெருமையோடு காட்டிய இரும்புத் தகட்டின் மேல் நான் கைப்பேசியை வைத்தபோது 17 பாகை காட்டியது. இரு சக்கர வண்டியை இரவில் உள்ளே ஏற்றுவதற்காகப் போட்ட தகடு அது. சக்கர நாற்காலி அதில் ஏற முயன்றால் பின்பக்கம் கவிழும். அந்த எண்ணைக் கடைக்காரருக்குத் திரையில் காட்டிய பிறகே, தகடு இருப்பதும் வழி இருப்பதும் வேறு வேறு என்பது அவருக்குப் புரிந்தது.

சாய்தளத்தின் அகலம் குறைந்தது 1,200 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் கிடைக்கும் தடையற்ற இடைவெளி 900 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். கழிப்பறையில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கு’ என்று பலகை தொங்குவதோடு நிறைவடைந்துவிடாமல் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலிகள் ஆகியவற்றின் கிடங்காக அது மாறியிருப்பதை எத்தனையோ இடங்களில் கண்டிருக்கிறேன். அதையும் படம் எடுங்கள். படத்தில் அளவு நாடா தெரிய வேண்டும். நாளும் நேரமும் பதிவாக வேண்டும். பிற வாடிக்கையாளர்களின் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது மரியாதை.

தடை என்பது படிகள் மட்டுமே அல்ல. பொத்தான்களே இல்லாத தொடுதிரை அட்டைக் கருவியை நீட்டும் கடையில், பார்வையற்ற வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைக் காசாளரின் காதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் அது கேட்கிறது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெயரை உரக்கக் கூப்பிடுவதோடு சரி என்றால், காது கேளாதவர் தன் முறை போனது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் மருத்துவமனைகள் நம் நகரில் ஏராளம். இவை ஒவ்வொன்றையும் நடந்தது நடந்தபடி, யார் என்ன சொன்னார் என்பதோடு, அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.

முதல் கடிதம்

நேரடியாக அரசு அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் கடைக்கு ஒரு கடிதம் எழுதுவதே முறை. அது இணக்கமாக முடியும் வாய்ப்பைத் தருகிறது. முடியாவிட்டால், கேட்டும் மறுத்தார்கள் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. வாய்ப்பேச்சுக்குச் சான்று கிடையாது. கடை மேலாளரின் பெயருக்கும், வணிகக் குழுமமாக இருந்தால் தலைமை அலுவலகத்துக்கும், விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புவது நல்லது.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்: “இந்த மாதம் 4-ஆம் தேதி மாலை தங்கள் கடைக்கு வந்தேன். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகள் உள்ளன, சாய்தளம் இல்லை. தங்கள் ஊழியர்கள் என்னைத் தூக்கிச் செல்ல முன்வந்தனர். அது எனக்குப் பாதுகாப்பானதாகவும் கண்ணியமானதாகவும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 3 மற்றும் 45-ஆம் பிரிவுகளின்படி, 1:12 சாய்மானமும் இருபுறக் கைப்பிடியும் உள்ள நிலையான சாய்தளத்தை 60 நாள்களுக்குள் அமைக்குமாறும், அதுவரை தற்காலிக ஏற்பாடு ஒன்றைச் செய்து 15 நாள்களுக்குள் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.” ‘தயவுகூர்ந்து’, ‘தாழ்மையுடன்’, ‘பெரிய மனது வைத்து’ என்ற சொற்களை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மரியாதை குறையாமல் எழுதலாம். கைகட்டி நிற்கத் தேவையில்லை.

கடைக்காரர் சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நம் தெருக்களில் சாலையை மேலுக்கு மேல் போட்டு உயர்த்தியதாலும், மழைக்காலத்தில் வெள்ளம் உள்ளே புகுந்ததாலும், பல கடைகள் தரைமட்டத்தை உயர்த்திப் படி வைத்துக்கொண்டன. மூன்று படிக்கு 45 சென்டிமீட்டர் என்றால் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அதை வெளியே நீட்டினால் நடைபாதை அடைபட்டு, பார்வையற்ற ஒருவர் அதிலேயே இடறி விழுவார். மாநகராட்சியும் அதை ஆக்கிரமிப்பாகக் கருதி இடிக்கும். பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை வந்த பிறகும், அந்த நடைபாதை முடியும் இடத்தில் கடைப் படி தொடங்குகிறது என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். இதற்கு விடை, கடைக்குள்ளேயே இடம் ஒதுக்கிச் சாய்தளத்தை உள்நோக்கி அமைப்பது, அல்லது செங்குத்தாக ஏற்றும் மேடைத் தூக்கி வைப்பது. ஒரே ஒரு படி மட்டும் உள்ள சிறிய கடைக்கு மடித்து வைக்கும் சாய்தளமும், வாசலில் ஓர் அழைப்பு மணியும் போதும். முதல் மாடி மருத்துவர், முன்கூட்டிச் சொன்னால் தரைத்தளத்தில் ஓர் அறையில் வந்து பார்க்க ஒப்புக்கொள்வதும் நியாயமான ஏற்பாடே. “முடியாது” என்ற சொல்லை ஏற்காதீர்கள். “வேறு எப்படி முடியும்” என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டடத்தின் கோப்பைக் கேட்பது

பெரிய கட்டடமாக இருந்தால், கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திராமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டுவிடலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எழும்பூரில் உள்ள சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, அல்லது அனுமதி அளித்தது மாநகராட்சி என்றால் ரிப்பன் மாளிகைக்கு அனுப்ப வேண்டும். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், நிறைவுச் சான்றிதழின் நகல், அதற்கு முன் நடந்த கள ஆய்வின் அறிக்கை ஆகிய மூன்றைக் கேளுங்கள். முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். சிறிய கட்டடங்கள் சிலவற்றுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. வணிக வளாகம், பெரிய துணிக்கடை, திருமண மண்டபம் போன்றவற்றுக்கு அது வேண்டும்.

இதில் கிடைக்கும் பலன் பெரியது. வரைபடத்தில் சாய்தளமும் தனிக் கழிப்பறையும் அழகாக வரையப்பட்டிருக்கும்; நேரில் போனால் அந்த இடத்தில் ஐஸ்கிரீம் கடை இருக்கும். அப்போது அது அனுமதிக்கு மாறாகக் கட்டிய குற்றமாகிவிடுகிறது. கடைக்காரரின் கருணையைப் பற்றிய பேச்சுக்கு அதற்குப் பிறகு இடமே இல்லை.

மாநில ஆணையரிடம் மனு

கடிதத்தில் கொடுத்த கெடு முடிந்தும் அசைவில்லை என்றால், அடுத்த இடம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரின் அலுவலகம். காமராசர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் உள்ளது. உரிமை பறிக்கப்பட்டதாக வரும் புகார்களை விசாரிக்க 80-ஆம் பிரிவும், ஆள்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை 82-ஆம் பிரிவும் அவருக்குக் கொடுத்துள்ளன. மனுவை நீங்களே எழுதலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. உங்கள் விவரம், எதிர்மனுதாரரின் முழு முகவரி, நடந்தவை நாள்வாரியாக, அளவுகள், படங்கள், முதல் கடிதத்தின் நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், கடைசியாக நீங்கள் கேட்கும் தீர்வு என்ற வரிசை போதும். கொடுத்தவுடன் தேதி முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. கடையை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால் போதாது. ஆணையர் செய்வது பரிந்துரை. அந்தப் பரிந்துரையைப் பெறும் அதிகார அமைப்பு மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தை அதே மூன்று மாதங்களுக்குள் சொல்ல வேண்டும் என்று 81-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே கடைக்குத் தொழில் உரிமம் வழங்கும் மாநகராட்சியை இரண்டாம் எதிர்மனுதாரராகவும், கட்டட அனுமதி கொடுத்த அமைப்பு வேறாக இருந்தால் அதை மூன்றாவதாகவும் சேருங்கள். உரிமம் கொடுத்தவர் விசாரணையில் வந்து உட்கார்ந்தால், கடைக்காரரின் வழக்கறிஞர் பேசும் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதே வளாகத்தில் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிடீஸ்’ என்ற காட்சியகம் இருக்கிறது. மனு கொடுக்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் அங்கே செலவிட வேண்டும் என்பேன். தடையற்ற நுழைவாயிலும் துணைக் கருவிகளும் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவருக்கு, என்ன கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடுகிறது.

வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, ரயில், விமானம் போன்று ஒன்றிய அரசின் எல்லைக்குள் வருபவற்றைப் பற்றிய புகார் புது டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்குப் போக வேண்டும். மாநில ஆணையரிடம் கொடுத்தால் திருப்பி அனுப்புவதிலேயே மாதங்கள் போய்விடும். வங்கியாக இருந்தால் முதலில் வங்கிக்கே எழுதி, முப்பது நாள்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்திலும் முறையிடலாம். கண் சிமிட்டச் சொல்லி அடையாளம் சரிபார்க்கும் செயலியால் கணக்குத் தொடங்க முடியாதவர்கள், 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கட்டாயம் மேற்கோள் காட்ட வேண்டும். மின்னணு வசதிகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது சொல்கிறது.

இழப்பீடு வேண்டும் என்றால்

ஆணையரிடம் போவது கட்டடம் மாறுவதற்கு. பட்ட துன்பத்துக்கு இழப்பீடு கேட்பதற்கு நுகர்வோர் குறைதீர் ஆணையம் உண்டு. ஆனால் பணம் கொடுத்தவர் அல்லது கொடுக்க உறுதியளித்தவரே நுகர்வோர். வாசலிலேயே திரும்பிப் போனவரை, “நீங்கள் எதையும் வாங்கவில்லையே” என்று கேட்டுவிடுவார்கள். முன்பதிவு செய்த திரையரங்கு, அறை எடுத்த விடுதி, கட்டணம் செலுத்திய மருத்துவமனை, பயணச்சீட்டு வாங்கிய பேருந்து ஆகியவற்றுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். ஜீஜா கோஷ் என்ற பெண்மணியை மூளை முடக்குவாதத்தைக் காரணம் காட்டி 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்ட ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகிப் பெற்ற உத்தரவு அது. ஆனாலும் அவமதிப்புக்கு விலை உண்டு என்று காட்ட இன்றைக்கும் அதுவே சிறந்த முன்னுதாரணம்.

பொது இடத்தில் ஒருவரை ஊனத்தைச் சொல்லி வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அது 92-ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆறு மாதங்களுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, குறைந்தபட்சம் புகார் பெறப்பட்டதைக் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்க வேண்டும். சாய்தளம் இல்லாத கடைக்கெல்லாம் இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டுவது தவறு என்று கருதுகிறேன். உண்மையாக அவமானப்பட்டவரின் புகாரும் அதனால் எடையிழக்கும்.

எந்த வழியில் போனாலும் வழக்கறிஞர் தேவைப்பட்டால் பணத்துக்கு அஞ்ச வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய மாநில ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

செய்துவிட்டோம் என்று பதில் வந்த பிறகு

“தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது” என்று கடிதம் வந்தவுடன் கோப்பை மூடிவிடக் கூடாது. மனுவைத் திரும்பப் பெறுவதற்கு முன் அளவு நாடாவோடு மறுபடியும் போய்ப் பாருங்கள். நான் முன்னே சொன்ன மயிலாப்பூர் மருந்துக்கடையில் இரண்டு மாதம் கழித்துப் போனபோது தகடு போய்ச் சிமெண்ட் சாய்தளம் வந்திருந்தது. கைப்பேசி 5 பாகை காட்டியது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே இருந்தது, அதுவும் இடப்பக்கம். என் தம்பிக்கு வலது கைதான் பலம். மேலே ஏறிய இடத்தில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால், தண்ணீர்க் கேன்கள் ஆறு அடுக்கி வைத்திருந்தார்கள். கேன்களை அவர்களே உடனே எடுத்துவிட்டார்கள். மற்றொரு கைப்பிடிக்காக அன்றிரவே, அளவுகளோடும் படத்தோடும், இரண்டாவது கடிதம் எழுதினோம். இந்த முறை அதில் கையெழுத்துப் போட்டவன் தம்பி.